மயாமி டு பிமினி... கடலுக்குள் ஓடும் 'நதி'யைச் சின்னப் படகில் கடப்பது எப்படி?

அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலம்தான். அந்த நீலத்துக்கு அப்பால், சுமார் 83 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பிமினி. பஹாமாஸ் நாட்டின் சின்னஞ்சிறு தீவு. எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1930-களில் மீன்பிடிக்க வந்து தங்கியது இங்கேதான்.

கோடை வந்துவிட்டால் 20, 25 அடி நீள மோட்டார் படகுகளில் குடும்பம் குடும்பமாக இந்தத் தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள் ஃப்ளோரிடாவாசிகள். 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டரில் போனால் இரண்டேகால் மணி நேரப் பயணம். கேட்பதற்கு பிக்னிக் மாதிரி இருக்கும். ஆனால், விவரம் தெரிந்தவர்கள் இதற்கு வாரக்கணக்கில் திட்டம் போடுவார்கள். காரணம், இடையில் ஒரு 'நதி' ஓடுகிறது!

கப்பலையே பின்னுக்குத் தள்ளிய நீரோட்டம்

அந்த நதியின் பெயர் கல்ஃப் ஸ்ட்ரீம். மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல்நீர், ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவிலுள்ள குறுகலான இடைவெளியில் நுழைந்து வடக்கே பாய்கிறது. விநாடிக்கு சுமார் 3 கோடி கன மீட்டர் தண்ணீர். உலகின் எல்லா ஆறுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது.

1513-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மாலுமி போன்ஸே டி லியோன் இந்தக் கரையோரமாகத் தெற்கு நோக்கிக் கப்பல்களைச் செலுத்தினார். பாய்மரத்தில் நல்ல காற்று. ஆனாலும், கப்பல்கள் முன்னே போகாமல் பின்னே நகர்ந்தன. கல்ஃப் ஸ்ட்ரீமைப் பற்றி எழுத்தில் இருக்கும் முதல் பதிவு என்று சொல்லப்படுவது இதுதான்.

இன்றும் நிலைமை அதேதான். நீரோட்டத்தின் சராசரி வேகம் சுமார் 2.5 நாட். நட்டநடுவில் இன்னும் அதிகம். வழியில் இன்ஜின் நின்றுபோனால், ஒரே நாளில் படகு 100 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்விடும். நங்கூரம் போட்டு நிறுத்தலாமே என்றால், அங்கே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர்.

பரிசல்காரர் கணக்கு

வெள்ளம் ஓடும் ஆற்றைக் கடக்கும் பரிசல்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? இறங்க வேண்டிய துறையைப் பார்த்து நேராகத் துடுப்பு போட மாட்டார். சற்று மேலே குறிவைத்துப் போவார். தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்து, சரியாகத் துறையில் சேர்த்துவிடும். பிமினிக்குப் போகும் வழியும் அதுதான்.

மயாமியிலிருந்து பிமினி ஏறக்குறைய நேர் கிழக்கே இருக்கிறது. கிழக்கு நோக்கியே படகை விட்டால், இரண்டேகால் மணி நேரத்தில் நீரோட்டம் 10 கிலோமீட்டர் வடக்கே தள்ளிவிடும். தீவு கண்ணில் படாமலே போகலாம். அதனால், 20 நாட் வேகத்தில் போகும் படகு, முகப்பை சுமார் 7 டிகிரி தெற்கே திருப்பி வைக்க வேண்டும். அலை அதிகமாகி வேகத்தை 10 நாட்டாகக் குறைத்தால் அதுவே 14 டிகிரி ஆகிவிடும். இரண்டு கணக்கையும் கரையிலேயே போட்டு, தாளில் எழுதிக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போதும் இதே கதைதான். அப்போதும் தெற்குப் பக்கமாகவே சாய்த்து ஓட்ட வேண்டும்.

'அதான் ஜி.பி.எஸ் இருக்கிறதே' என்று தோன்றலாம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் தெரியும் தீவுக்கு நேராகவே முகப்பைத் திருப்பிக்கொண்டிருந்தால், நீரோட்டம் தள்ளத் தள்ளப் படகு வில் போல வளைந்து சுற்றிப் போகும். கடைசியில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வர வேண்டியிருக்கும். நேரமும் வீண், பெட்ரோலும் வீண்.

வாடைக்காற்று வீசினால் 'நோ'

நீரோட்டம் போவது வடக்கே. காற்றும் தெற்கிலிருந்து மெதுவாக வீசினால் பிரச்னை குறைவு. அதே காற்று வடக்கிலிருந்து வந்தால், ஓடும் தண்ணீரோடு நேருக்கு நேர் மோதும். அலைகள் செங்குத்தாக எழும்பி, அடுத்தடுத்து நெருக்கமாக வரும். சின்னப் படகு ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்து அறையும். குளிர்கால மாதங்களில் இப்படிப்பட்ட வாடைக்காற்று அடிக்கடி வரும்.

அதனால் அங்கே ஓர் எழுதாத சட்டம் உண்டு. வானிலை அறிக்கையில் காற்றின் திசையில் 'வடக்கு' என்ற சொல் இருந்தால் பயணம் கேன்சல். வடமேற்கானாலும் சரி, வடகிழக்கானாலும் சரி. காற்று ஓய்ந்த பிறகும் கடல் அடங்க நேரம் கொடுப்பார்கள்.

கிளம்பும் முன்பு அடிவானத்தை ஒரு முறை பார்ப்பதும் வழக்கம். கோடு போட்டதுபோல நேராக இருந்தால் நிம்மதி. மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால், 'யானைகள் நடக்கின்றன' என்பார்கள். நடுக்கடலில் எழும்பும் பெரிய அலைகள்தான் அந்த யானைகள். பார்த்ததும் படகைத் திருப்பிவிடுவார்கள்.

கோடையில் கடல் சாது. ஆனால், மதியத்துக்கு மேல் இடி மின்னலுடன் மழை பிடித்துக்கொள்ளும். எனவே விடியற்காலையில் கிளம்புவதே பாதுகாப்பு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். தீவைச் சுற்றியுள்ள மணல் திட்டுகளையும் பாறைகளையும் தண்ணீரின் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு பாறை.

பெட்ரோலுக்கு மூன்று பங்கு

போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. இதுதான் பெட்ரோல் கணக்கு. மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் அவுட்போர்டு இன்ஜின் என்று வைத்துக்கொண்டால், போக 90, வர 90, கையிருப்பு 90. ஆக, 270 லிட்டர். பிமினியில் பெட்ரோல் கிடைக்கும்தான். என்றாலும், அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று குறைவாக எடுத்துப்போனால், பாதி வழியில் திரும்ப நேரும்போது மாட்டிக்கொள்வோம்.

இன்ஜினை நிறுத்தும் 'கில் ஸ்விட்ச்' கயிற்றை ஓட்டுபவர் உடலோடு இணைத்திருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் தானாக நின்றுவிடும். 26 அடிக்குக் குறைவான படகுகள் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது.

கரையில் ஒருவர்

கரையைவிட்டுச் சில மைல்கள் தாண்டியதும் செல்போன் சிக்னல் போய்விடும். அதன் பிறகு வி.ஹெச்.எஃப் ரேடியோதான் துணை. ஆபத்து என்றால் 16-ம் சேனலில் அழைக்க வேண்டும். ரேடியோவுக்கும் எட்டாத இடத்தில் உதவுவது, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் பீக்கன் கருவி. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவில்கூடக் கிடைக்கிறது.

2015-ம் ஆண்டு கோடையில், ஃப்ளோரிடாவிலிருந்து சின்னப் படகில் கடலுக்குப் போன இரண்டு சிறுவர்கள் திரும்பவே இல்லை. கவிழ்ந்த படகு மட்டும் வடக்கே வெகு தொலைவில் மிதந்தது. விமானங்களும் கப்பல்களும் ஒரு வாரத்துக்கு மேல் தேடின. பலனில்லை. அடுத்த ஆண்டே, பீக்கன் வைத்திருக்கும் படகுகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை தரும் சட்டத்தை ஃப்ளோரிடா கொண்டுவந்தது.

பணமே செலவாகாத பாதுகாப்பு ஒன்றும் உண்டு. படகின் நிறம், யார் யார் போகிறார்கள், எந்த வழி, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்... இவற்றை ஒரு தாளில் எழுதி, கரையில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். 'இந்த நேரத்துக்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் கடலோரக் காவல் படையைக் கூப்பிடுங்கள்' என்பதுதான் அதில் முக்கியமான வரி. தேடுபவர்களுக்கு எங்கே தேடுவது, எப்போது தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

முதல்முறை போகிறவர்கள் தனியாகப் போகாமல், இன்னொரு படகைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது நல்லது. பஹாமாஸ் சுற்றுலாத் துறையே கோடையில் சின்னப் படகுகளை வரிசையாக அழைத்துச் செல்லும் பயணங்களை நடத்தியிருக்கிறது. துறைமுகத்தில் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். 'வேறு நாட்டிலிருந்து வந்திருக்கிறோம், இன்னும் அனுமதி வாங்கவில்லை' என்று அதற்கு அர்த்தம். பாஸ்போர்ட் வேலை முடியும்வரை படகு ஓட்டுபவர் மட்டுமே கரையில் இறங்கலாம்.

லீவு முடிகிறதே என்று...

படகில் இருக்கக் கூடாத பொருள் காலண்டர் என்பார்கள் மாலுமிகள். ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று, திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும், பிள்ளைகள் ஆசையாகக் கிளம்பி நிற்கிறார்கள்... இப்படி எதையாவது நினைத்துக்கொண்டுதான், வேண்டாம் என்று உள்மனம் சொல்லும் நாளிலும் பலர் கயிற்றை அவிழ்க்கிறார்கள். அனுபவசாலிகள் போகும்போதும் வரும்போதும் இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டுதான் லீவு போடுகிறார்கள். காற்று மாறினால், அந்த இரண்டு நாளும் கரையில் மீன் வறுத்துச் சாப்பிட்டுக்கொண்டே காத்திருப்பார்கள்!