கசப்பு மருந்தும் உப்பளத்துச் சிறுநீரகமும்

மரக்காணம் உப்பளங்களில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவித்தாக வேண்டும். காலைச் சாப்பாடு தள்ளிக்கொண்டே போகும். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. இப்படி உழைக்கும் உடம்புக்கு நெஞ்செரிச்சலும் உப்புசமும் மலச்சிக்கலும் வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்தால் கைமருந்தாக முதலில் நினைவுக்கு வருவது கசப்புதான்.

வீட்டுக் கசப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேப்பம்பூ ரசமும் சுண்டைவற்றல் குழம்பும் பாகற்காயும் தலைமுறைகளாகச் சாப்பிட்டுப் பழகியவை. நாக்கில் கசப்பு பட்டால் எச்சில் ஊறுகிறது, பசி எடுக்கிறது. கசப்பை உணரும் ஏற்பிகள் குடலிலும் இருப்பதை இன்றைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எந்த மூலிகை, எந்த அளவில், எந்தக் கோளாறைத் தீர்க்கும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த உறுதியான ஆய்வுகள் குறைவு. சாப்பாட்டோடு சேரும் கசப்பு வேறு, கரண்டிக் கணக்கில் விழுங்கும் பொடி வேறு.

அந்தப் பொடி எப்படிக் கைக்கு வருகிறது என்று பாருங்கள். ஒரு பாலிதீன் உறை, வாயில் ஸ்டேப்ளர் பின். உள்ளே பச்சையும் பழுப்பும் கலந்த தூள். மேலே ஒட்டிய துண்டுச் சீட்டில் ‘வயிற்றுக் கோளாறுகள் அனைத்துக்கும்’ என்ற ஒரு வரி, அதோடு ஒரு செல்போன் எண். என்னென்ன மூலிகை, எவ்வளவு, யார் தயாரித்தது, எப்போது அரைத்தது? எதுவும் இல்லை. விற்பவருக்கே முழுதாகத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

உப்பளத் தொழிலாளிக்கு இது இரட்டை ஆபத்து. 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெப்பமும் நீரிழப்பும் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தின் மேல், உடம்பு வலிக்கென்று தினம் விழுங்கும் மாத்திரையும் பெயர் தெரியாத பொடியும் விழுகின்றன.

கசப்பு மூலிகைகளில் நான் மிகவும் அஞ்சுவது ஆடுதீண்டாப்பாளை. வயிற்றுப் பூச்சிக்கும் மலச்சிக்கலுக்கும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செடி. அதன் இனத்தைச் சேர்ந்ததுதான் ஈஸ்வரமூலியும். இந்த இனச் செடிகளில் இருக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகப் பழுதாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 2002-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இச்செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலியும் மாத்திரையில் ஒரு வேருக்குப் பதில் இந்த இனத்து வேர் கலந்துவிட, நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. இதன் பாதிப்பு உடனே தெரியாது. கால் வீங்கி, சிறுநீர் குறைந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என்றோ தின்ற பொடி யாருக்கு நினைவிருக்கும்?

மணற்பாங்கான நிலங்களில் படரும் பேய்க்குமட்டியும் விளையாட்டல்ல. அதன் பேதி குடலைப் புண்ணாக்கி ரத்தம் வரும்வரை போகும். வெயிலில் நீர் வற்றிய உடம்பு அதைத் தாங்காது. சுரைக்காய்ச் சாறு கசந்தால் துப்பிவிடுங்கள். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் ரத்த வாந்தி எடுத்து, சிலர் உயிரிழந்ததையும் பார்த்த பிறகே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு அப்படி எச்சரித்தது. மந்தத்துக்கென்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவதை அறவே விடுங்கள். அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கசப்புச் சாறும் பொடியும் எடுக்க வேண்டாம்.

சித்த மருத்துவத்தைக் கைவிடச் சொல்வதாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள், அவற்றுக்கு அளவும் உண்டு. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவர் நாடி பார்த்து இலவசமாகவே மருந்து தருகிறார். நான் கேட்பதெல்லாம் அந்த ஒழுங்கு பொட்டலத்துக்கும் வேண்டும் என்பதுதான்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, சித்த மருந்தைத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். மேலுறையில் உரிம எண், சேர்மானங்கள், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருந்தாக வேண்டும். வைத்தியர் தம் நோயாளிக்கென்று தாமே தயாரித்துக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. கடையில் அடுக்கி விற்பதற்கு இல்லை. குடற்புண், சர்க்கரை, சிறுநீரகக் கல் போன்ற நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பொடி தின்று வாந்தி, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு என்று ஏதாவது வந்தால் உடனே நிறுத்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சப் பொடியையும் உறையையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய அரசு அமைப்பு இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் பங்கேற்கிறது. ஏமாற்றி விற்றவர் மேல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இழப்பீடு வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் ரசீது வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலம் என்றாலும் கேட்டு வாங்குங்கள்.

மலம் கருப்பாகப் போனாலோ, உடம்பு இளைத்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ அதைச் செரிமானக் கோளாறு என்று எண்ணிக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கடைசியில் சொன்னது மாரடைப்பாகவும் இருக்கலாம். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் அரசு மருத்துவமனையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உப்பள உரிமையாளர்கள் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அமைத்துக் கொடுக்க வேண்டும். அவை வந்தால் இந்த வயிற்றுக் கோளாறுகளில் பாதிக்கு மருந்தே தேவைப்படாது.