கடற்காகங்களும் அவற்றின் இறகு மாற்றமும்

கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை கோடிக்கரை, தனுஷ்கோடி முதலிய கடலோரங்களில் உலவும் அன்பர்கள், அலைமேல் மிதந்தும் கரைவலை இழுப்போரை வட்டமிட்டும் திரியும் வெண்ணிறப் புட்களைக் கண்டிருப்பர். அவையே கடற்காகங்கள். பெயரளவிலன்றிக் காக்கைக்கும் இவற்றிற்கும் யாதோர் உறவுமில்லை. ஆலாக்களே இவற்றின் நெருங்கிய சுற்றம்.

யான் முதன்முறை கோடிக்கரை சென்றது ஒரு பங்குனி மாதத்தில். ஒரே கூட்டத்தில் மூன்று இனங்கள் உள எனக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன். தலை வெளுத்து, கண்ணின் பின்னே கரும்புள்ளி மட்டும் உடையது ஒன்று. தலை முழுதும் பழுப்பேறியது ஒன்று. சிறகில் பழுப்புத் திட்டும் வால் நுனியில் கரும்பட்டையும் உடையது ஒன்று. மூன்றும் ஓரினத்தின் கோலங்களே என்பது பின்னரே விளங்கிற்று. அவ்வினம் பழுப்புத்தலைக் கடற்காகம். சென்னை இராஜதானியில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1840-இல் இதற்கு நூற்பெயர் இட்டார். திபெத்து, லடாக்கு ஏரிகளில் குஞ்சு பொரித்துக் குளிருக்கு அஞ்சி நம் கரைக்கு வருவது.

இறகு முற்றியபின் நம் நகத்தைப் போல் உயிரற்ற பொருள். தேய்ந்தால் வளராது, உதிர்ந்து புதிது முளைத்தல் வேண்டும். கூடுகட்டும் காலம் முடிந்ததும் எல்லா இறகுகளும் மாறத் தலை வெளுக்கும். இளவேனிலுக்கு முன் தலையிறகுகள் மீண்டும் மாறப் பழுப்பு முக்காடு தோன்றும். வாற்பட்டையுடையது முதலாண்டு இளம்பறவை.

கருந்தலைக் கடற்காகம் என வேறோர் இனமும் உண்டு. பெயர் கருந்தலையாயினும், அதன் முக்காடும் கரும்பழுப்பே! பெயரிட்டோரை நோவதில் பயனில்லை. குளிர்காலத்தில் இவ்விரண்டிற்கும் தலை ஒன்றுபோலவே வெளுத்திருக்கும். ஆதலின் தலையை விட்டுச் சிறகை நோக்குக. வளர்ந்த பழுப்புத்தலைக்குச் சிறகு நுனி அகன்ற கருமை, அதனிடையே வெண்பொட்டுகள், கண் வெளிறியது. கருந்தலைக்கோ சிறகின் முன்விளிம்பு ஆப்புப்போல் வெளுத்து, நுனியோரம் மட்டும் கறுத்திருக்கும், கண்ணும் கரியது. இளம்பறவையாயின் இரண்டிற்கும் கண் கருமையே. கண்ணை மட்டும் நம்பலாகாது.

உண்மையிலேயே கரிய தலையுடையது பல்லாஸ் கடற்காகம். பேருருவினது, தை, மாசியிலேயே முக்காடு கொள்ளத் தொடங்கும். சிறிய இனங்கள் இரண்டாம் ஆண்டிலேயே முதிர்கோலம் எய்த, இதற்கு நான்காண்டு வேண்டும்.

என் பழைய குறிப்பேட்டை அண்மையில் புரட்டினேன். வெண்டலைப் பறவைகள் எத்தனை என்பது அதில் உளது. அவற்றுள் கருந்தலை இனமும் கலந்திருந்ததா என்பது இல்லை. அன்று யான் ஒன்றன் சிறகு நுனியையும் குறித்திலேன்.