கம்பெனி ரூல், கார்த்திகை மழை

வானிலைத் துறையின் கணக்குப்படி தஞ்சாவூரில் குளிர் என்று ஒன்று கிடையாது. சமவெளியில் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கினால்தான் குளிர் அலை என்ற பேச்சே எழும். கடலோர ஊர்களுக்கு அது 15. இங்கே மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். சிரிப்பவர் கீழவாசலில் காலை நாலரை மணிக்கு ஈரச் சாக்கை விரித்து, பனியில் நனைந்த கீரைக்கட்டுகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

டெல்டாவின் குளிர் ஈரத்தில் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை, மார்கழியில் பனி. கட்டிய சேலை காயாது, மாற்றுச் சேலை கொடியிலேயே நாற்றமெடுக்கும், இருமல் ஒரு முறை பிடித்தால் தை பிறக்கும்வரை விடாது. வடக்கே குளிர்காலம் வந்தால் நீதிமன்றம் பேசுகிறது, இரவுக் காப்பகம் திறக்கிறார்கள், நாளிதழ்கள் எண்ணிக்கை போடுகின்றன. நம் குளிருக்கு எண் இல்லாததால் கோப்பும் இல்லை.

இந்த நனையும் மாதங்களில்தான் தஞ்சாவூர்த் தெருக்களில் கூடை அதிகமாகிறது. சம்பா நட்டுக் களையும் எடுத்தாகிவிட்டால், தை அறுப்புவரை வயலில் கூலி வேலை பெரிதாகக் கிடையாது. அறுப்பையும் இப்போது மெஷின் பார்த்துக்கொள்கிறது. அம்மாபேட்டையிலிருந்தும் ஒரத்தநாட்டிலிருந்தும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் கீரை, வாழையிலை, பூ, அவித்த பனங்கிழங்கு என்று கையில் கிடைத்ததை விற்கிறார்கள். ஆண்டு முழுவதும் உட்காருகிற பழைய ஆட்களோடு இவர்களும் சேர்ந்துகொள்ள, மழை வந்தால் எல்லோருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: யாராவது ஒரு கடைக்காரரின் சன்ஷேடு.

மார்கழி இதழுக்குக் குளிரில் வாடும் தெருவோர வியாபாரிகளைப் பற்றி ஒரு கட்டுரை என்றுதான் என்னிடம் கேட்டார்கள். போர்வை விநியோகம், சுக்குக் காபி, நெகிழ வைக்கும் இரண்டு படம் என்று ஒரு கணக்கு அவர்களுக்கு இருந்திருக்கும். காந்திஜி சாலையிலும் தெற்கு வீதியிலும் நடந்து பார்த்ததில் என் கண் கடைவாசல் படியை விட்டு நகரவில்லை. ஆகவே இது படியைப் பற்றிய கட்டுரை.

மாலை ஏழு மணி. பெரிய துணிக்கடை ஒன்றின் வாசல். உள்ளே ஏசி, வெளியே சாரல். மழை வலுத்ததும் நடைபாதையில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா, கூடையைத் தூக்கிக்கொண்டு படியோரம் ஏறி உட்கார்ந்தார். கூடையில் கதம்பம். மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் மல்லியும் சேர்த்து நெருக்கிக் கட்டிய தஞ்சாவூர்க் கதம்பம். இதன் அருமையை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தன் தலையில் ஒரு துண்டுகூடப் போடாமல், தார்ப்பாயை நாலாக மடித்துப் பூக்கூடை மேல் போட்டார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, செக்யூரிட்டி வந்துவிட்டார்.

"எம்மா, எந்திரிங்க. மேனேஜர் பாத்தா என்னயத்தான் கேப்பாரு."

"மழ வுட்டதும் எறங்கிடுறன் தம்பி. நா நனைஞ்சாக் காஞ்சிக்குவன், பூ நனைஞ்சாப் போச்சுல்ல."

அவர் சொன்னது தொழில் கணக்கு. மல்லி மொட்டில் மழைத் தண்ணீர் இறங்கினால் பழுப்பேறிவிடும், மறுநாள் சாமிக்குக்கூட ஆகாது. அதிலும் பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். பூச்சந்தையில் கடனுக்கு எடுத்த பூ ஒரு கூடை வீணானால், அந்த நாளின் முதலோடு அடுத்த நாளின் முதலும் சேர்ந்து போகும். ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற குளிரைவிட இது கொடியது என்று எனக்குப் படுகிறது. போர்வையால் தீராத குளிர் இது.

செக்யூரிட்டி தம்பி கெட்டவர் இல்லை. "சரி, அந்தத் தூணு மறைவுல நில்லுங்க, உக்காராதீங்க" என்று ஒரு சமரசம் செய்து வைத்தார். அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறவர்தான். 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதியது. கேரளம் அதை 2018இலேயே செய்துவிட்டது. உள்ளே மணிக்கணக்கில் நின்று சேலை விரிக்கிற பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போடவே சட்டம் வேண்டியிருந்தது என்றால், வெளியே கூடையோடு இருப்பவரின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே போய் மேனேஜரைக் கேட்டேன். முப்பது வயதுக்குள் இருப்பார், வெளியூர்க்காரர். கோபமே வரவில்லை அவருக்கு. "எனக்கும் பாவமாத்தான் இருக்கு சார். வாசல்ல யாரும் உக்காரக் கூடாதுங்கிறது கம்பெனி ரூல். கேமராவ ஹெட் ஆபீஸ்லேருந்து பாக்குறாங்க. ஒரு தடவ விட்டுட்டேன், மறுநாளே போன் வந்துடுச்சு." தலைமை அலுவலகம் எந்த ஊரில் என்று கேட்டேன். நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரைச் சொன்னார். அங்கே அன்று வெயில் அடித்திருக்கலாம்.

இங்கேதான் எனக்குக் கவலை பிடித்தது. அந்த மேனேஜருக்கு மனம் இருக்கிறது, செக்யூரிட்டிக்கும் இருக்கிறது. படியில் ஏறி இறங்குகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த அம்மாவைப் பார்த்து "உச்" கொட்டுகிறார்கள். இருக்கவிடலாம் என்று சொல்லும் அதிகாரம்தான் அந்தக் கட்டடத்தில் ஒருவரிடமும் இல்லை. மயிலுக்குப் போர்வை போட்ட பேகன் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். போட்டது பேகனின் சொந்தப் போர்வை, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த மேனேஜர் கொடுக்க வேண்டியதோ கம்பெனியின் படி.

பழைய கடைகளில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அய்யங்கடைத் தெருப் பக்கம் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. முதலாளி கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பார். வாசலில் பூக்காரம்மா உட்காரலாமா கூடாதா என்பதை, கழுத்தைத் திருப்பிப் பார்த்து அவரே முடிவு செய்வார். "தள்ளி உக்காரும்மா, ஆள் வரப் போவ வழி வுடு" என்று சத்தம் போடுவார், அத்தோடு சரி. அது முழுக்க இரக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு முதல் முழம் அவர் கூடையிலிருந்து போகும், மாதக் கணக்கு நோட்டில் ஏறும். முதலாளி வர நேரமானால் சாவிக்கொத்து பூக்காரம்மா மடியில் இருக்கும். மத்தியானம் அவர் சாப்பிடப் போனால் கடைப்பையன் ரெண்டு முழம் விற்றுக் காசை வாங்கி வைப்பான். கொடுக்கல் வாங்கலில் ஊறி வந்த இரக்கம், அதனால்தான் அது ஆண்டுக்கணக்கில் நின்றது. இரவு பலகைக் கதவைப் போட்ட பிறகு அந்தப் படியில் யார் படுத்தார்கள் என்று முதலாளி கேட்டதும் இல்லை.

கொடுக்கும் அதிகாரத்தை எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சரித்திரச் சாட்சி உண்டு. 1799 உடன்படிக்கையில் இரண்டாம் சரபோஜி தஞ்சாவூர் நாட்டு நிர்வாகத்தையே கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்தார். கோட்டைக்கு உள்ளே தவிர அவர் சொல் எங்கும் செல்லாது என்ற நிலை. அதற்குப் பிறகு, 1801இலும், அவர் விடாப்பிடியாக நின்ற ஒரு விஷயம் சத்திரங்கள். ராமேஸ்வரம் போகிற வழியில் தன் முன்னோர் கட்டிய சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட வேண்டும் என்று கும்பினியின் ரெசிடெண்ட் டோரினுக்குக் கடிதம் எழுதினார். வருகிறவர் எந்தச் சாதி என்று பார்க்காமல் சோறு போடுவதையும், நோயாளிக்கு மருந்து தருவதையும், நடு இரவில் மணி அடித்துச் சாப்பிடாதவர்களைக் கூப்பிடுவதையும் அதில் விவரித்திருக்கிறார். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவர் காலத்தில் எழுந்ததுதான். வரி வசூலை விட்டுக்கொடுத்த ராஜா, மணி அடிக்கிற உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தார். நம் ஊர்க் கடைத்தெருவில் நடப்பது தலைகீழ்: வசூல் கல்லா கிளையில் இருக்கிறது, மணி வேறு எங்கோ இருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தெருவில் விற்பது குடிமக்களின் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத்தான். தெருவோர வியாபாரிகளுக்கான மத்தியச் சட்டம் 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தஞ்சாவூர் மாநகராட்சியானதும் அதே ஆண்டில்தான். ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது, இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு, நகர மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம்வரை வியாபாரிகளுக்கு இடம். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூரின் மக்கள்தொகை 2,22,943. அந்தக் கணக்கில் ஐயாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் இடம் வரும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பறிமுதல் செய்த பூவையும் கீரையையும் உரிமை கோரும் அன்றே திருப்பித் தர வேண்டும் என்றுகூட அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020 ஜூனில் வந்த ஸ்வநிதிக் கடன் முதல் தவணையில் 10,000 ரூபாய் தந்தது, 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள்.

எல்லாம் நல்லது. ஆனால் மழை பெய்யும்போது எங்கே ஒதுங்குவது என்பதற்கு இதில் எங்கும் விடை இல்லை. சான்று நடைபாதைக்கு, கடன் முதலுக்கு. தனியார் படிக்குச் சட்டம் பேசாது. கடைக்காரர் சங்கத்துக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு என்று சட்டம் சொல்கிறது; ஒரே மேஜையில் இரண்டு தரப்பும் உட்காருகிற இடம் ஊரில் அது ஒன்றுதான். மழைக்கால ஒதுக்குப்புறம் பற்றி அங்கே ஒரு தீர்மானம் போட எத்தனை நிமிடம் ஆகும்?

கடைக்காரர்கள் பக்கமும் ஞாயம் உண்டு. வாடகை, வரி, மின் கட்டணம் எல்லாம் கட்டி உள்ளே விற்கிற பொருளை வாசலிலேயே ஒருவர் பாதி விலைக்கு விற்றால் எரிச்சல் வரத்தான் செய்யும், படியில் யாராவது வழுக்கி விழுந்தால் கேள்வியும் அவர்களைத்தான் கேட்பார்கள். தீபாவளியை ஒட்டிக் காந்திஜி சாலையில் தரைக்கடைகள் நெருக்கும்போது அந்தப் புலம்பலை எல்லோரும் கேட்டிருப்போம். பூக்கூடை துணிக்கடைக்குப் போட்டி என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் படியே யாருடையது என்பதும் ஒரு கேள்விதான். ஊரில் எத்தனையோ கடைகளின் முன்படி, மாநகராட்சிச் சாக்கடை மேல் சிலாப் போட்டு அதற்கு மேல் கிரானைட் ஒட்டியது. வாசல் சரிவாக இறங்கி நடைபாதையை முழுங்கி, பைக் நிறுத்த ரோட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கும். பொது இடத்தின் மேல் கட்டிய படியிலிருந்து, பொது இடத்தில் உட்காரச் சான்று வைத்திருக்கும் பெண்ணை எழுப்பி விடுகிறோம். அவரை ஆக்கிரமிப்பு என்கிறார்கள். கிரானைட்டை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

எழுப்பி விடுவதற்கும் இப்போது ஆள் தேவையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. படி ஓரம் முழுக்கத் தொட்டிச் செடி வைக்கிறார்கள். சிலர் ஸ்டீல் கம்பி பதித்திருக்கிறார்கள், உட்காரவே முடியாது. காலையில் மட்டும் கழுவிய வாசலைச் சாயங்காலம் ஆறு மணிக்கும் பைப் போட்டுக் கழுவுகிற கடையும் உண்டு. சுத்தத்துக்காக என்பார்கள், இருக்கட்டும். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் பழைய பஸ் ஸ்டாண்டையும் காமராஜ் மார்க்கெட்டையும் புதிதாகக் கட்டினோம். ரோட்டோரத்தில் பத்துப் பேர் நின்று மழைக்கு ஒதுங்க நாலு தகரக் கூரை போடுவது அதைவிடக் கடினமான பொறியியலாக இருக்க முடியாது.

அதற்குப் பதில் ஆண்டுதோறும் போர்வை வருகிறது. மார்கழி பிறந்தால் ஏதாவது ஒரு சங்கம் வேனில் வந்து, பேனர் பிடித்து, படம் எடுத்து, போர்வை கொடுத்துவிட்டுப் போகும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். கதம்பம் விற்கிற அம்மா சொன்னார்: "போர்வ வூட்ல நாலு கெடக்கு. அதப் போத்திக்கிட்டு ரோட்டுல ஒக்காந்து பூ கட்ட முடியுமா? கையி வெளியில இருக்கணும்ல." ஒன்றை மகள் வீட்டுக்குக் கொடுத்தாராம், ஒன்றை மாட்டுக்குப் போட்டாராம்.

அவர் கேட்பது இரண்டடி அகலம், மூன்றடி நீளம். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பதரை வரை. அதுவும் ஐப்பசி பிறந்து தை வரைக்கும்தான், அப்புறம் நடைபாதையே போதும். சும்மா வேண்டாம், தினம் இருபது ரூபாய் தருகிறேன் என்று மேனேஜரிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார். காசு வாங்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் கம்பெனிக்கு மெயில் போட்டுப் பாருங்கள் என்று ஒரு பில் பேப்பரின் பின்பக்கம் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார் அவர். அந்தச் சீட்டு இப்போது பேத்தியிடம் இருக்கிறது. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் போடுகிறேன் ஆயா என்று சொல்லியிருக்கிறாள்.