வாய்க்கால் சொல்லும் முகவரி

"உங்கள் காணி எங்கே?" என்று உருத்திரபுரத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், "எட்டாம் வாய்க்கால்" என்பார்; அல்லது "பத்தாம் வாய்க்கால்" என்பார். கிளிநொச்சிக்கு வடமேற்கேயுள்ள இக்குடியிருப்பில் வாய்க்காலின் இலக்கமே இடத்தின் பெயராகவும் வழங்குகிறது. இதன் காரணத்தை அறிய முதலில் குளத்துக்குப் போகவேண்டும்.

நகருக்குத் தெற்கே இரணைமடுக்குளம் இருக்கிறது. கனகராயன் ஆற்றை மறித்து இதனைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. நிலம் வடக்கு நோக்கிச் சரிவதால் நீரும் அவ்வழியே பாய்கிறது. வலதுகரை வாய்க்கால் கிழக்கே வட்டக்கச்சிப் பக்கத்துக்கும், இடதுகரை வாய்க்கால் மேற்கே உருத்திரபுரம் பக்கத்துக்கும் நீர் கொடுக்கின்றன. பெருவாய்க்காலிலிருந்து பிரியும் கிளைகளுக்கு இலக்கமிட்டார்கள். அவற்றை ஒட்டியே குடியேற்றக் காணிகள் பகிரப்பட்டன.

இனி வழியைப் பார்ப்போம். கண்டி வீதியால் தெற்கிலிருந்து வருபவர் முறிகண்டிப் பிள்ளையாரைக் கடந்து கிளிநொச்சியை அடைவார். நகருக்கு வடக்கே கரடிப்போக்குச் சந்தி. அங்கிருந்து மேற்கே திரும்பும் வீதி உருத்திரபுரத்துக்குச் செல்கிறது. திரும்பாமல் நேரே போனால் பரந்தன் சந்தி வரும். அங்கே மேற்கே பூநகரிக்கும் கிழக்கே முல்லைத்தீவுக்கும் வீதிகள் பிரிகின்றன. அதற்கும் வடக்கே ஆனையிறவு.

1996இலும் 2008இலும் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் திரும்பியவர்கள் பலருக்கு வீடில்லை, வேலியில்லை, எல்லையில் நின்ற பனையுமில்லை. 1990இல் நின்றுபோன ரயில் 2013இல் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது. நகரின் முகம் மாறிவிட்டது. ஆனால் குளமும், நீர் ஓடும் திசையும், வாய்க்காலின் இலக்கமும் மாறவில்லை.

எனவே இன்னும் ஊர் திரும்பாத குடும்பங்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு மாலைப்பொழுதில் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, கொப்பித் தாளில் ஊரை வரையுங்கள். குளத்தில் தொடங்குங்கள். பெருவாய்க்கால், கிளை வாய்க்கால், மேல்காணிக்காரர், கீழ்காணிக்காரர், வண்டிப்பாதை, கிணறு, கோயில் என ஒவ்வொன்றாகக் குறியுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி கிடைத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப்பத்திரமோ இருந்தால், அதிலுள்ள காணித்துண்டின் இலக்கத்தையும் எழுதிவையுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் விசாரிக்கும்போது இவ்விபரங்கள் உதவும்.

ஊரைவிட்டு வெளியே பிறந்த பிள்ளைக்கு அந்த நிலம் வெறும் பெயர்தான். அப்பு கண்மூடுமுன் அவர் அறிந்த எல்லைகள் பேரப்பிள்ளையின் கைக்கு வரவேண்டும்.