அழித்து எழுதாத கணக்கு

மூன்றாம் ஆண்டு, கணிதவியல்

ஐந்நூறு ரூபாய் காணாமற் போயிற்று. அதை எடுத்தவர் ஒருவருமில்லை; தவறாகக் கணக்குப் போட்டவரும் ஒருவருமில்லை. ஆயினும் பழி என் தாயார் மீது விழுந்தது.

எங்கள் தெருவில் ஒரு மகளிர் குழு உண்டு. அதன் பணப்பெட்டியும் நோட்டும் எங்கள் வீட்டில் இருந்தன. நோட்டு அட்டையின் உட்பக்கத்தில் கையிருப்புத் தொகையைப் பென்சிலால் எழுதி வைப்பது வழக்கம். தொகை மாறினால் பழையதை ரப்பரால் அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். ஒரு நாள் காலை கையிருப்பு 4,200 ரூபாய். அவசரக் கடன் கொடுப்பதற்காக ஓர் அக்கா 500 ரூபாயும், மற்றோர் அக்கா 300 ரூபாயும் எடுத்துச் சென்றனர். இருவரும் போகும்போது 4,200 என்ற தொகையைத் தத்தம் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டனர். மாலையில் முதலாமவர் வந்து, 4,200-ஐ அழித்து 3,700 என்று எழுதினார். சற்று நேரத்தில் இரண்டாமவர், தாம் கணக்கிட்ட 3,900 என்ற சீட்டைத் தம் மகளிடம் கொடுத்தனுப்பினார். அந்தச் சிறுமி நோட்டில் இருந்ததை அழித்துவிட்டு, சீட்டில் இருந்ததை எழுதிச் சென்றாள்.

மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தால் 3,400 ரூபாய்; நோட்டிலோ 3,900. சாவி என் தாயாரிடம். தாம் பீடி சுற்றிச் சேர்த்த கூலியிலிருந்து 500 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, அவர் வாய் பேசாமல் வந்துவிட்டார்.

இது நடந்து மூன்றாண்டுகள் கழித்து, நம் கல்லூரியின் கணிப்பொறி வகுப்பில் அமர்ந்திருந்தபோதுதான் அந்த ஐந்நூறு ரூபாய் எங்கே போயிற்று என்பது எனக்குப் புரிந்தது. ஒரே இடத்தில் உள்ள ஒரு மதிப்பை இருவர் ஒரே காலத்தில் படித்து, மாற்றி, எழுதினால் ஒருவர் எழுதியது தொலைந்துபோகும். கணிப்பொறியாளர்கள் நெடுங்காலமாகப் போராடிவரும் நோய் இது. அந்த நோயையும் அதற்குச் சொல்லப்படும் ஒரு மருந்தையும் பற்றியதே இக்கட்டுரை.

உடன்நிகழ்வு என்றால் என்ன?

என் தாயார் பீடி சுற்றிக்கொண்டே உலையைப் பார்ப்பார். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் எழுந்து குடத்தை வைத்துவிட்டு வருவார். இரண்டே கைகள், ஆனால் மூன்று வேலைகள் ஒன்றோடொன்று பின்னி நடக்கின்றன. இதுவே உடன்நிகழ்வு. நான்கு பெண்கள் திண்ணையில் அமர்ந்து ஆளுக்கொரு முறத்தை வைத்துச் சுற்றினால், அது இணைச் செயல்பாடு. முன்னது வேலைகளை ஒழுங்குபடுத்தும் முறையைப் பற்றியது. பின்னது ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியது.

இது இன்று ஏன் முக்கியமாகிறது? ஏறத்தாழ 2004ஆம் ஆண்டு வரை ஆண்டுதோறும் கணிப்பொறிச் சில்லுகளின் வேகம் கூடிக்கொண்டே வந்தது. அதற்குமேல் வேகத்தைக் கூட்டினால் சில்லு தாங்க முடியாத அளவு சூடாகிறது. ஆகவே தயாரிப்பாளர்கள் ஒரே சில்லில் பல செயலகங்களை வைக்கத் தொடங்கினர். நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலும் அப்படித்தான். ஆட்கள் பெருகிவிட்டனர். ஆனால் எல்லாரும் ஒரே நோட்டில் ரப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ஐந்நூறு ரூபாயோடு போனால் அதிர்ஷ்டம். தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். முந்தைய கருவிகளில் இருந்த இயந்திரப் பாதுகாப்புகளை நீக்கிவிட்டு நிரலை மட்டுமே நம்பியிருந்தனர். இயக்குபவர் திரையில் விரைந்து ஒரு திருத்தம் செய்தால், உடன் ஓடிக்கொண்டிருந்த வேறொரு வேலை அந்தத் திருத்தத்தைக் கவனிக்கத் தவறியது. மெதுவாகச் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் கருவி ஒழுங்காகவே இயங்கிற்று. நேரம் பொருந்தினால் மட்டுமே தலைகாட்டும் பிழை என்பதால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பூட்டும் அதன் தொல்லையும்

முதலில் தோன்றும் வழி பூட்டுப் போடுவது. ஒருவர் நோட்டை எடுத்தால், அவர் எழுதி முடிக்கும் வரை மற்றவர் தொடக்கூடாது. இதைக் கணிப்பொறிக்கு முறையாக வகுத்து, 1965இல் கட்டுரை எழுதியவர் நெதர்லாந்து நாட்டின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

ஆனால் பூட்டுகள் பெருகினால் புதுச் சிக்கல் முளைக்கும். நம் சுரண்டைக் காய்கறிச் சந்தையைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு வியாபாரிகளுக்குச் சேர்த்து ஒரே தராசு, ஒரே படிக்கல் தொகுதி. ஒருவர் ஓடிப்போய்த் தராசை எடுத்துக்கொண்டார்; மற்றவர் படிக்கற்களை எடுத்துக்கொண்டார். "நீர் கல்லைத் தாரும், நிறுத்துவிட்டுத் தருகிறேன்" என்கிறார் இவர். "நீர் தராசைத் தாரும்" என்கிறார் அவர். இருவரும் விடவில்லை. கத்தரிக்காய் வாடிப்போகும், வேலை நடவாது. இதற்கு முட்டுக்கட்டை நிலை என்று பெயர். "முதலில் தராசு, பிறகுதான் கல்" என்று எல்லாரும் ஒரே வரிசையைப் பின்பற்றினால் தப்பலாம். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் அவ்வரிசையை யார் காப்பது?

கணிதம் காட்டும் வழி

நிரலெழுதும் முதல் வகுப்பில் கணித மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வரியைக் கண்டு திடுக்கிட்டிருப்பர்: x = x + 1. இருபுறமும் x-ஐ நீக்கினால் 0 = 1 அல்லவா வருகிறது! அது சமன்பாடு அன்று. "X என்ற பெட்டியில் இருப்பதை எடுத்து, ஒன்று கூட்டி, அதே பெட்டியில் திரும்பப் போடு" என்ற கட்டளை என்று ஆசிரியர் விளக்குவார். நாமும் பழகிவிடுவோம். ஆனால் சற்றே நின்று பார்த்தால், நாம் பழகிக்கொண்டது எங்கள் தெரு நோட்டின் ரப்பரும் பென்சிலுமே!

கணிதத்தில் சார்பு என்பது அப்படிப்பட்டதன்று. f(x) = x² எனில் f(3) என்றும் 9தான். காலையில் கேட்டாலும் மாலையில் கேட்டாலும், ஒருவர் கேட்டாலும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் 9தான். அது எதையும் அழிப்பதில்லை. நிரல் முழுவதையும் இத்தகைய சார்புகளாலேயே கட்டுவது சார்புவழி நிரலாக்கம். இதில் ஒரு பெயருக்கு ஒரு முறை மதிப்புக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

எங்கள் குழுவின் கணக்கை இம்முறையில் எழுதிப் பார்ப்போம். கையிருப்பு என்று தனியே ஒரு தொகை கிடையாது. உள்ளவை பதிவுகள் மட்டுமே: +4,200, −500, −300. கையிருப்பு என்பது இப்பதிவுகளின் மீது செயல்படும் ஒரு சார்பு. வெறும் பட்டியலின் மொத்தம் 0. மற்றப் பட்டியலின் மொத்தம், முதற் பதிவோடு எஞ்சிய பட்டியலின் மொத்தத்தைக் கூட்டியது. இவ்விரு வரிகளே முழு நிரல். விடை 3,400. எந்தப் பதிவு முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் விடை மாறாது.

இதில் வணிகவியல் நண்பர்களுக்கு வியப்பிராது. குறிப்பேட்டில் அழித்தெழுதக் கூடாது, தவறு நேர்ந்தால் திருத்தப் பதிவு போட வேண்டும் என்பது அவர்களுடைய முதற்பாடம். நம் ஊர்க் கமிஷன் கடைகளின் சிட்டையும் அப்படியே. கணிப்பொறியாளர் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் கணக்குப்பிள்ளைகள் முன்பே அமர்ந்திருக்கின்றனர்.

இன்னுமொன்று. பதிவுகள் பத்து இலட்சம் இருந்தால்? பட்டியலை இரண்டாக வெட்டி இருவரிடம் கொடுக்கலாம். நான்காக வெட்டி நால்வரிடம் கொடுக்கலாம். அவரவர் மொத்தத்தைக் கடைசியில் சேர்த்தால் போதும். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏனெனில் கூட்டல் சேர்ப்பு விதிக்கு உட்பட்டது. கழித்தலை இப்படிப் பிரிக்க முடியாது. அது அவ்விதிக்கு உட்பட்டதன்று. குலக் கோட்பாட்டு வகுப்பில் "இவ்விதியால் யாருக்கு என்ன பயன்?" என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருத்தி. கூகுள் நிறுவனத்தார் 2004இல் வெளியிட்ட மேப்-ரெடியூஸ் என்ற முறை, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளுக்கு வேலையைப் பகிர்ந்தளித்தது. அதன் பெயரும் கருத்தும் சார்புவழி மொழிகளிலிருந்து வந்தவை.

வந்த வழி

இதன் வேர் கணிப்பொறிக்கும் மூத்தது. ஆலன்சோ சர்ச் என்ற அமெரிக்கத் தருக்கவியலார் 1930களில் லாம்டா நுண்கணிதத்தை வகுத்தார். அதனைத் தழுவி ஜான் மெக்கார்த்தி 1958இல் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸ், 1977இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், தாம் வளர்த்த வழியையே குறைகூறிச் சார்புவழியைப் பரிந்துரைத்தார். 1990இல் ஹாஸ்கல் மொழியின் முதல் வரையறை வெளிவந்தது.

சுவீடனில் எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் நண்பர்களும் 1986 முதல் எர்லாங் என்ற மொழியை வளர்த்தனர். தொலைபேசி நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேசுவர்; ஓர் அழைப்பு அறுந்தால் மற்றவை அறுபடக் கூடாது. எனவே எர்லாங்கில் ஒவ்வொரு வேலையும் தனிக் குடித்தனம். பொது நோட்டு என்பதே கிடையாது. ஒருவர்க்கொருவர் அஞ்சலட்டை போலச் செய்தி அனுப்பிக்கொள்வதோடு சரி. ஒரு வேலை விழுந்தால், அதைக் கண்காணிக்கும் மற்றொன்று புதிதாக எழுப்பிவிடும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் வாட்ஸ்அப்பின் வழங்கிகள் எர்லாங் மொழியில் எழுதப்பட்டவை. 2014இல் அந்நிறுவனம் விலைபோனபோது ஏறத்தாழ 45 கோடிப் பேருக்குச் சேவை செய்த பொறியாளர்கள் முப்பத்திரண்டு பேரே!

நம் நாட்டில்

இது மேலைநாட்டார் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கி, 2024இல் காலமான அர்விந்த், சார்புவழிக் கருத்துகளைக் கணிப்பொறியின் வன்பொருளுக்கே கொண்டு சென்றவர். அவருடைய ஆய்விலிருந்து புளூஸ்பெக் என்ற வன்பொருள் வரைவு மொழி பிறந்தது. அதன் மொழிமாற்றி ஹாஸ்கலில் எழுதப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் வடிவமைத்து, 2018இல் சில்லாக உருவெடுத்த "சக்தி" செயலி இந்தப் புளூஸ்பெக்கில்தான் வரையப்பட்டது. பெங்களூரின் ஆட்டோ ஓட்டுநர்கள் பயன்படுத்தும் "நம்ம யாத்ரி" செயலியின் பின்னணி நிரல் ஹாஸ்கலில் எழுதப்பட்டு, எவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது.

எதிர்வாதங்கள்

மறுபக்கத்தையும் கேட்பதே நேர்மை. எதையும் அழிக்காமல் புதிது புதிதாக எழுதினால் நினைவகம் வீணாகாதா? ஓரளவு உண்மை. பழையவற்றில் மாறாத பகுதியைப் பகிர்ந்துகொண்டும், வேண்டாதவற்றைத் தானாகவே கூட்டித் தள்ளியும் இம்மொழிகள் சமாளிக்கின்றன. ஆயினும் மிகு வேகம் வேண்டிய இடங்களில் பழைய வழியே வெல்வதுண்டு.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. தென்காசியிலிருந்து சென்னை செல்லும் பொதிகை விரைவு வண்டியில் தட்கல் படுக்கை ஒன்றே ஒன்று மீதி. காலை 11 மணிக்கு இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகின்றனர். இருவருக்கும் கொடுக்க முடியாது. யாருக்கு என்று எங்கோ ஓரிடத்தில் முடிவு செய்தே ஆக வேண்டும். ஓர் உறையில் இரு கத்தி கூடாது. சார்புவழி நிரலாக்கம் இத்தகைய இடங்களை ஒழித்துவிடுவதில்லை. அவற்றைக் குறைத்து, இங்கேதான் ஆபத்து என்று வேலியிட்டுக் காட்டுகிறது. எங்கள் குழு நோட்டிலும் அடுத்த வரியில் இருவர் ஒரே நேரத்தில் எழுத முடியாது. ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கும் பேச்சே இல்லை.

மூன்றாவது, ஆட்களைக் கூட்டினால் வேகம் கூடிக்கொண்டே போகும் என்ற ஆசைக்கும் எல்லை உண்டு. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க இயலாது எனில், எத்தனை பேரைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் 1967இல் வைத்த வாதம் இது.

"வேலைக்குப் போகுமிடத்தில் ஜாவாவும் பைத்தானும்தானே கேட்கிறார்கள்?" என்பது நம் விடுதி நண்பர்களின் கேள்வி. நம் மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ நிறுவனம் இயங்கி வருவதால், இங்கு இது வெறும் வாதமன்று; பலருடைய வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வி. ஆனால் அந்த ஜாவாவே 2014இல் லாம்டாவைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பைத்தானிலும் அது உண்டு. கருத்தை அறிந்தவர் எந்த மொழியிலும் அதைக் காண்பர். சென்னைக் கணிதவியல் நிறுவனத்துப் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், சுரேஷ் ஆகியோரின் ஹாஸ்கல் பாடங்கள் என்.பி.டி.இ.எல். வழியே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கணிதம் படித்தவர்க்கு இது புது உலகமன்று. பழகிய வீட்டின் மற்றொரு வாசல்.

சென்ற விடுமுறையில் பரணிலிருந்த பழைய பணப்பெட்டியைத் திறந்தேன். அடியில் கடன் சீட்டுகள் அப்படியே கிடந்தன. அவற்றைத் தேதி வரிசையில் தரையில் பரப்பி, தாயாரை அருகில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டியும் கழித்தும் காட்டினேன். கடைசித் தொகை 3,400 என்று வந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் அன்னைக்கு யாரும் எடுக்கலைல்லா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, யாரும் எடுக்கலை" என்றேன்.

அடுத்த கூட்டத்திற்கு அச்சீட்டுகளைத் தம்மோடு கொண்டு போனார். இப்போது எங்கள் தெருக் குழுவின் நோட்டில் ஒரு பதிவுக்கு ஒரு வரி, பேனாவால் எழுதுகின்றனர். ரப்பருக்கு அங்கே வேலையில்லை.