காரின் மூக்கு ஏன் மாறியது?

மோட்டார் கார் என்றால் அது பெரிய தொழிற்சாலையில்தான் பிறக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுவது பலருக்கு நெடுநாளையப் பொழுதுபோக்கு. 1948இல் காலின் சாப்மன் என்ற பொறியியல் மாணவர், பழைய ஆஸ்டின் செவன் காரின் அடிச்சட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் சேர்த்துப் புதிய ‘பாடி’ ஒன்றைக் கட்டினார். அதுவே முதல் லோட்டஸ் கார். கரூரில் லாரி சேசிஸின் மேல் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை எளிதில் விளங்கும். சக்கரம், எஞ்சின், அடிச்சட்டம் ஆகியவை வேறு. மேலே போர்த்தும் கூடு வேறு.

1957இல் சாப்மனின் நிறுவனம் ‘லோட்டஸ் செவன்’ என்ற சிறிய காரை வெளியிட்டது. வாங்குகிறவர் உறுப்புகளைத் தனித்தனியே பெற்று, வீட்டில் தாமே பூட்டிக்கொள்ளலாம். இதன் முதல் மாதிரியில் மேற்போர்வை முழுவதும் அலுமினியம். 1960இல் வந்த இரண்டாம் மாதிரியிலோ ஒரு மாறுதல் தெரிந்தது. பக்கத் தகடுகள் அலுமினியமாகவே இருந்தன. முன்புற மூக்கும் சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டுகளும் மட்டும் கண்ணாடி இழையாலான பைபர் கிளாஸாக மாறிவிட்டன.

ஏன் மூக்கை மட்டும் மாற்றினார்கள்? விலைக் கணக்கு ஒரு காரணம்தான். ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒரு வடிவகணித உண்மை ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டறிய உங்களுக்கு ஒரு தாள் காகிதமும் ஒரு பந்தும் போதும்.

பந்தின் மேல் காகிதம்

காகிதத்தை ஒரு பாட்டிலின் மேல் சுற்றுங்கள். சுருக்கமின்றிப் படியும். சுண்டல் பொட்டலம் போலக் கூம்பாகவும் சுருட்டலாம். இப்போது அதே காகிதத்தைப் பந்தின் மேல் போர்த்திப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் ஓரங்களில் மடிப்பு விழும். மடிப்பு வேண்டாம் என்று இழுத்தால் காகிதம் கிழியும்.

ஒரே திசையில் வளைந்த பரப்பைத் தட்டையான தாளிலிருந்து செய்யலாம். இரு திசைகளிலும் வளைந்த பரப்பை, தாளை நீட்டாமலும் குறுக்காமலும் செய்யவே முடியாது. இதை 1827இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் நிறுவினார். காகிதத்துக்குப் பொருந்தும் இந்த விதி உலோகத் தகட்டுக்கும் பொருந்தும்.

எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கணக்கிடுவோமா? 10 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சியிலிருந்து விளிம்பு வரை பரப்பின் வழியே அளந்தால் 15.7 செ.மீ. ஆகவே 15.7 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத் தகட்டை வெட்டுகிறோம். அத்தகட்டின் சுற்றளவு சுமார் 98.7 செ.மீ. ஆனால் கிண்ணத்தின் விளிம்புச் சுற்றளவோ 62.8 செ.மீ. தான். ஏறத்தாழ 36 செ.மீ. மிச்சம்! இந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் தகட்டு வேலைக்காரர் தீர்க்க வேண்டிய கணக்கு. ஒன்று, ஓரத்தைக் குறுக்க வேண்டும். அல்லது சிறிய தகட்டை எடுத்து நடுப்பகுதியை நீட்ட வேண்டும்.

லோட்டஸ் செவனின் பக்கத் தகடுகள் பாட்டிலில் சுற்றிய காகிதத்தைப் போன்றவை. கத்தரியும் மடிக்கும் பலகையும் இருந்தால் போதும். மூக்கு அப்படியன்று, அது பந்தின் இனத்தைச் சேர்ந்தது.

மரச் சுத்தியும் உருளும் சக்கரமும்

தொழிற்சாலையில் பெரிய அழுத்த எந்திரமும் எஃகு அச்சுகளும் இந்தக் கணக்கை ஒரே அடியில் தீர்த்துவிடும். வீட்டில் கட்டுகிறவரிடம் இருப்பவை கையும் பொழுதும்தான்.

அவர் மணல் நிரப்பிய தோல் பையின் மேல் தகட்டை வைத்து, உருண்டை முகமுள்ள மரச் சுத்தியால் தட்டுகிறார். அடிபட்ட இடம் மெலிந்து நீள்கிறது, தகடு குழிகிறது. ஓரத்தைக் குறுக்க வேண்டுமானால், அங்கே வேண்டுமென்றே சிறு கொசுவங்களை உண்டாக்கி, அவை விரிந்து ஓடாதபடி மெல்லத் தட்டி உள்ளடக்குகிறார். அங்கே தகடு சற்றே தடிக்கிறது. பிறகு மேலும் கீழுமாக உள்ள இரு சக்கரங்களுக்கிடையே தகட்டை முன்னும் பின்னும் உருட்டுகிறார். சக்கரங்களின் அழுத்தத்தில் 1.2 மி.மீ. தகடு 1.1 மி.மீ. ஆனால், கன அளவு மாறாததால் அந்த இடத்தின் பரப்பு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. சுத்தியின் தழும்புகளும் மறைகின்றன.

இதற்குள் இன்னொரு தொல்லை வந்து சேர்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் பல முறை வளைத்துப் பாருங்கள். வரவர விறைத்துப்போய், முடிவில் ஒடிந்துவிடும். மீட்சி எல்லையைத் தாண்டி வளைக்கும்போது உலோகப் படிகங்களில் உள்ள அடுக்குப் பிழைகள் பெருகி, ஒன்றையொன்று நகரவிடாமல் தடுக்கின்றன. தட்டத் தட்டத் தகடு விறைப்பது இதனால்தான். அதைச் சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் மிருதுவாகும்.

எவ்வளவு சூடாக்குவது? அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும். எஃகைப் போலச் சிவந்து எச்சரிக்காமலே உருகிவிடும். அதனால் அனுபவசாலிகள் தகட்டின் மேல் சாதாரணச் சோப்பால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சூடாக்குவார்கள். கோடு கரும்பழுப்பாக மாறியதும் நெருப்பை விலக்கிவிடுவார்கள். சோப்பே அங்கு வெப்பமானி!

இத்தனை வேலையும் ஒரே ஒரு மூக்குக்கு. அடுத்த காருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணாடி இழை செய்த உதவி

கண்ணாடி இழைப் பாயில் இழைகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. பிசினில் நனைந்ததும் அவை ஒன்றின் மேலொன்று வழுக்கி நகர்ந்து, எந்த வளைவிலும் படிந்துவிடும். தகடாக இருந்தால்தானே நீட்டும் தொல்லை? இங்கே வடிவம் முதலில், கெட்டியாவது பிறகு.

இந்த முறையில் முதலில் மரத்தாலோ நுரைப் பிளாஸ்டிக்காலோ மூக்கின் மாதிரியைச் செய்து மெருகேற்றுகிறார்கள். அதன் மேல் மெழுகு பூசி ஒரு அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் பிசினும் இழையும் அடுக்கடுக்காக இட்டால் மூக்கு தயார். ஒரே அச்சிலிருந்து பல மூக்குகள் எடுக்கலாம்.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். பாலியெஸ்டர் பிசின் கெட்டியாகும்போது வெப்பம் வெளிவிடும். ஒரே நேரத்தில் தடிமனாக ஊற்றினால் உள்ளே வெப்பம் தேங்கி, பிசின் வெடிப்பு விடும். கெட்டியாகும்போது அது சுருங்கவும் செய்யும். அதன் ஆவியும், தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூளும் உடலுக்குக் கேடு. காற்றோட்டமும் முகமூடியும் கையுறையும் இல்லாமல் எவரும் இதைத் தொடக்கூடாது. பெரியவர் துணையின்றி நீங்கள் முயலவே வேண்டாம்.

1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுன் செலவில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் செவனைப் போன்ற கார்களை வீட்டிலேயே கட்டினார்கள். அவர்களிலும் பலர் பக்கத் தகடுகளைத் தாமே வெட்டி மடித்தார்கள்; மூக்கை மட்டும் கண்ணாடி இழையில் விலைக்கு வாங்கினார்கள். காஸின் விதியை அவர்களும் மீற முடியவில்லை!

ஒளி என்னும் பரிசோதகர்

வடிவம் வந்துவிட்டது. இனி மெருகு. மேடு பள்ளங்களில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடிக்க வேண்டும். ‘0.1 மி.மீ. பள்ளம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?’ என்று கேட்பீர்கள். தெரியும், நன்றாகவே தெரியும்.

10 செ.மீ. அகலமும் 0.1 மி.மீ. ஆழமும் உள்ள ஒரு பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து நடுவுக்கு 50 மி.மீ. தூரத்தில் 0.1 மி.மீ. இறங்குகிறது. அதாவது சரிவு 500இல் 1. ஆடி ஒரு கோணம் திரும்பினால் எதிரொளித்த கதிர் அதைப் போல் இரு மடங்கு திரும்பும் என்பது நீங்கள் படித்ததே. எனவே கதிர் 250இல் 1 பங்கு விலகுகிறது. 3 மீட்டர் தொலைவில் ஒரு குழல் விளக்கு இருந்தால், அங்கே விலகல் 12 மி.மீ.! பள்ளத்தின் ஆழத்தைப் போல் 120 மடங்கு. நேராக இருக்க வேண்டிய விளக்கின் பிம்பம் நெளிந்து நிற்கும். ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரின் மிகச் சிறிய அசைவை விளக்கும் அளவுகோலும் கொண்டு பெரிதாக்கிக் காண்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான் இது.

ஆனால் பட்டி பூசிய பரப்பு மங்கலானது, பிம்பம் காட்டாது. வண்ணம் அடித்த பிறகு பிழை தெரிந்து என்ன பயன்? அதனால் தொழிலாளர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். பட்டியின் மேல் கறுப்பு வண்ணத்தைப் பனிபோல் மெல்லியதாகத் தெளித்து, நீண்ட நேரான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கிறார்கள். மேட்டில் கறுப்பு முதலில் போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். கட்டை ஏன் நீளமாக இருக்க வேண்டும்? விரலால் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கி அதையும் தேய்க்கும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். நீண்ட கட்டை பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்று, மேட்டை மட்டுமே சீவும்.

பட்டி முழுதும் இறுகும்வரை காத்திருப்பதும் முக்கியம். அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்த்து வண்ணம் அடித்தால், அது பின்னால் சுருங்கிப் பழைய கீறல்களை வெளியே காட்டிவிடும். அப்போது வண்ணத்தைச் சுரண்டி, பல நாள் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மாணவர்களே, இன்று மாலை தெருவில் நிற்கும் ஒரு காரின் பக்கவாட்டில், தள்ளியிருக்கும் குழல் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். தலையை மெல்ல நகர்த்துங்கள். கோடு சீராக வழுக்கிச் சென்றால் பரப்பு ஒழுங்கானது. ஓரிடத்தில் நெளிந்து குதித்தால், அங்கே ஒடுக்கு விழுந்திருக்கலாம். அல்லது ஒடுக்கெடுத்துப் பட்டி பூசியிருக்கலாம். பிறகு அருகிலுள்ள டிங்கரிங் பட்டறைக்குப் போய், அங்கு வேலை செய்பவரிடம் ஓரத்தைக் குறுக்குவது எப்படி என்று கேளுங்கள். காஸின் பெயரை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த 36 செ.மீ. கணக்கை அவர் கை எப்படித் தீர்க்கிறது என்பதை உங்களுக்குக் காட்டுவார்.