சாக்குருவியின் சாப்பாட்டுக் கணக்கு

"சாக்குருவி கத்துது, கல்ல எடுத்து எறிடா!" என்று எங்க அப்பாயி சொல்ல, எறிந்து வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். எதற்கும் 'ஏன்?' என்று கேட்கும் பழக்கம் இங்கே வந்த பிறகுதான் தொற்றிக்கொண்டது.

எங்கள் தஞ்சை வயல்வெளியில் இரண்டு வகை ஆந்தைகளைப் பார்க்கலாம். மைனா அளவே இருப்பது புள்ளி ஆந்தை. சுமார் 35 செ.மீ. உயரமும் இதய வடிவ வெள்ளை முகமும் கொண்டது கூகை. ஊர்ப்பேச்சில் இதுதான் சாக்குருவி.

ஒரே வயலில் இரண்டும் இரை தேடினால் சண்டை வராதா? நம்ம ஒர்க்‌ஷாப்பையே பாருங்கள். 10 நம்பர் ஸ்பேனர் 14 நம்பர் நட்டுக்குச் சேருமா? அதுபோலத்தான் இதுவும். புள்ளி ஆந்தை பொழுது சாயும்போதே கிளம்பிவிடும். வண்டு, வெட்டுக்கிளி, விட்டில்பூச்சி, பல்லி, சமயத்தில் சுண்டெலி, இவைதான் அதற்கு ஆகாரம். கூகைக்கோ முக்கிய உணவு எலிதான்: வரப்பு எலி, புல் எலி, சுண்டெலி. கூடவே மூஞ்சூறும் உண்டு. அதன் இரண்டு காதுகளில் ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே இருக்கும். அதனால் கும்மிருட்டிலும் சத்தத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு என்ன சாட்சி? கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாக்கி வாய் வழியே கக்கிவிடும். எங்கள் ஊர்ப் பழைய மண்டபத்தில் கிடந்த ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, டிராயிங் டிவைடர் முனையால் பிரித்தேன். உள்ளே மூன்று எலி மண்டையோடுகள்! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குத்தகை நிலத்தில் கதிர் அறுக்கும் எலியோடு வருஷம் முழுக்க மல்லுக்கட்டுகிறவர் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நாம கல்லெறிஞ்சது நம்ம வேலைக்காரன் மேலயாடா?" என்றார்.

எலி தின்னும் நெல்லில் என் காலேஜ் ஃபீஸும் இருக்கிறது, நண்பர்களே! சிலவகை எலிமருந்தைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் கூகையும் செத்துப்போகும். அதனால் இந்த வருஷம் அப்பா மருந்து வைக்கவில்லை. தஞ்சாவூர்க் கிட்டி வைத்தார். கூகை உட்கார வயலில் நாலு குச்சியும் நட்டார்.

அப்பாயி மட்டும் இன்னும் நம்பவில்லை. ஆனால் கல்லைக் கீழே போட்டுவிட்டது. நீங்களும் போடுவீர்களா?